தட்டில் மீந்துபோகும் காய்கறி

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். காய்கறியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதால், சாப்பிட்டு முடித்தால் சாக்லேட் தருவதாகச் சொல்லிப் பழக்கினேன். இப்போது சாக்லேட் இல்லையென்றால் ஒரு வாய்கூட உண்பதில்லை. இதை எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் அந்தப் பேரத்தை நிறுத்துங்கள். கூலி கொடுத்துத்தான் உண்ண வைக்க வேண்டும் என்றால் அது நல்ல பண்டமாக இருக்க முடியாது என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. கூலியாக வரும் இனிப்போ மேலும் உயர்ந்த பொருளாகிவிடுகிறது. உளவியலாளர் லியான் பர்ச்சும் உடன் பணியாற்றியவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பரிசுக்காக ஒரு பானத்தைக் குடித்த சிறுவர்களுக்கு அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் முன்பைவிடக் குறைந்தே போனது.

பழகாத உணவை மறுப்பது பிடிவாதம் அன்று. இரண்டு வயது முதல் ஆறு வயதுவரை இந்தத் தயக்கம் மிகுந்திருந்து, பிறகு மெல்லத் தணியும். கசப்பையும் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறார்கள். ஒரு காய் நாவுக்குப் பழக எட்டு முதல் பதினைந்து முறைகூட அதைச் சுவைக்க வேண்டியிருக்கும் நிலையில், நாமோ மூன்றாவது முறையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று அவன் காதுபடவே சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லை அவன் தன் அடையாளமாகவே ஏற்றுக்கொள்வதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோரின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் முடிவு. உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீட்டை ஒரு மாதமாவது கடைப்பிடித்துப் பாருங்கள். அவன் விரும்பும் உணவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கரண்டிக் காயை வைத்துவிட்டு, அதைப் பற்றி எதுவும் பேசாமல், நீங்களும் அதையே உண்ணுங்கள். உணவுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் வேண்டாம். பசியோடு உட்காரும் குழந்தைதான் புதியதைத் தொட்டுப் பார்க்கும். ஆறு முதல் ஒன்பது வயதுவரை நாளொன்றுக்குக் குறைந்தது 350 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை. பழமும் அதில் அடங்கும் என்பதால் கலங்க வேண்டாம். எடை கூடாமல் நின்றுவிட்டாலோ, விழுங்கும்போது அடிக்கடி குமட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சிப்ஸ் கொண்டுவரும் மாணவர்களை வகுப்பில் கண்டிப்பது சரியா?

பதில்: வேண்டாம். அந்த டப்பாவை நிரப்பியவர் பெரியவர்; தான் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காகக் குழந்தை எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிய நேர்கிறது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். வகுப்பிலோ, வாரம் ஒரு நாள் ஒரு பழத்தையோ காயையோ நறுக்கி வைத்து, விரும்புபவர்கள் முகர்ந்தும் சுவைத்தும் பார்க்கட்டும். வேண்டாம் என்பவரை விட்டுவிட்டு அடுத்த வாரமும் அதையே வையுங்கள்.