அடைமொழியும் ஆதாரமும்

கேள்வி: நான் தனித்து இயங்கும் விளம்பர வாசக எழுத்தாளர். மூன்று வாடிக்கையாளர்கள் தொடர்ந்து மறுத்த பின், என் எழுத்தில் கெஞ்சல் தொனி வந்துவிட்டது. என்ன செய்வது?
– ஈரோடு வாசகி

பதில்: மனம் தளரும்போது ‘ஒப்பற்றது’, ‘தரமானது’ என்று அடைமொழிகளை அடுக்குவது இயல்பு, ஆனால் வாங்குபவரை இணங்க வைப்பது தகவல்தான். 1958இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு டேவிட் ஓகில்வி எழுதிய விளம்பரத் தலைப்பு, மணிக்கு 60 மைல் வேகத்திலும் காருக்குள் மிகுதியாகக் கேட்பது மின்கடிகாரத்தின் ஒலியே என்று மட்டும் சொன்னது. அதுவும் ஒரு மோட்டார் இதழின் குறிப்பிலிருந்து எடுத்ததே. மறுக்கப்பட்ட வாசகத்தில் அடைமொழிகளை அடித்துவிட்டு, அவ்விடங்களில் உண்மைகளை வையுங்கள். கிடைக்காவிட்டால் வாடிக்கையாளரையே கேளுங்கள் (பல நேரங்களில் அவருக்கும் தெரிந்திராது). மனஉறுதிக்கோ, பாதித் தொகையை முன்பணமாகப் பெறுவது எந்த ஊக்க உரையையும்விட நன்றாக உதவும்.