கோட்டுக்குக் கையால் காஜா எடுக்க எந்த நூல் ஏற்றது?

கம்பளிக் கோட்டுக்குக் கையால் காஜா (பொத்தான் துளையின் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல்) எடுக்கும்போது மெஷின் நூலையே இரட்டையாகக் கோத்துக்கொள்ளலாமா, பட்டு நூல்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டியான பட்டு நூல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் பட்டா பருத்தியா என்பதைவிட நூலின் முறுக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காஜாவில் ஒவ்வொரு தையலுக்கும் ஓரத்தில் ஒரு சிறு முடிச்சு விழுகிறது. பொத்தான் நாள்தோறும் உரசுவது அந்த முடிச்சு வரிசையில்தான். இறுக்கமாக முறுக்கிய நூலில் முடிச்சு மணிபோல் உருண்டு நிற்கும், தளர்ந்த நூலில் நசுங்கிப் பரவிவிடும். நாகர்கோவிலில் காஜா பையனாக இருந்த காலத்தில், நிறம் பொருந்துகிறதே என்று ஒரு மாப்பிள்ளைக் கோட்டுக்கு ஆறு இழை எம்பிராய்டரி நூலில் காஜா எடுத்துவிட்டேன். கல்யாணத்தன்று பளபளத்தது, வியர்வையோடு நாலைந்து முறை போட்டுக் கழற்றியதும் ஓரமெல்லாம் பஞ்சாகிவிட்டது. பிரித்து மறுபடி எடுத்துக் கொடுத்தேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, கூலியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஆகவே கடையிலேயே ஒரு சாண் நூலை இழுத்து, இரு விரல்களால் எதிர்ப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். இழைகள் உடனே பிரிந்தால் அது காஜாவுக்கு ஆகாது. ரீலில் நூலின் பருமனைக் குறிக்கும் டிக்கெட் எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதைப் பலர் தலைகீழாக நினைத்துவிடுகிறார்கள்: 120 சாதாரணத் தையலுக்கு, 30 அல்லது 40 கோட்டு காஜாவுக்கு. இரட்டை நூலில் இரண்டு இழைகளும் ஒரே அளவு இறுகுவதில்லை, ஒன்று வளைந்து நிற்கும். பழகிப் பார்க்க மட்டும் அது போதும். கெட்டி பாலியஸ்டர் உறுதியானதுதான், ஆனால் வழுக்கும்.

பட்டோ பருத்தியோ, ஒரு மீட்டர் அளவுக்கு வெட்டித் தேன்மெழுகில் இருமுறை இழுத்து, காகித மடிப்புக்குள் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். மெழுகு உள்ளே இறங்கி, மிச்சம் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். தேனீ வளர்க்கும் மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மெழுகுக்கு அலைச்சல் இல்லை. நிறத்தை ரீலாகப் பார்த்து முடிவு செய்யாமல், ஒற்றை இழையைத் துணிமேல் கிடத்திப் பாருங்கள். ரீலில் இருப்பதைவிட வெளிறித்தான் தெரியும் என்பதால், துணியைவிட ஒரு படி அழுத்தமான நிறத்தையே நான் எடுப்பேன்.