வால் ஏன் வலப்பக்கம் போகிறது?

கேள்வி: 40 அங்குல இறக்கை கொண்ட டிரெய்னர் (ஓட்டிப் பழகும்) மாதிரி விமானத்துக்குப் பல்சா என்ற லேசான மரத்தில் ஃபியூசலாஜ் (உடற்கூடு) கட்டினேன். இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அளவு பிசகாமல்தான் செய்தேன். ஒட்டி முடித்துப் பலகையிலிருந்து எடுத்தால் வால் வலப்பக்கம் 8 மி.மீ. தள்ளி நிற்கிறது. நீராவி காட்டி நிமிர்த்தலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீராவியில் பல்சா சொன்னபடி வளையும். காய்ந்ததும் தன் குணத்தைக் காட்டும். உங்கள் அளவில் தவறு இல்லை, குச்சியில்தான் தவறு. வலப்பக்க லாஞ்சரான்கள், அதாவது உடற்கூட்டின் நீளவாக்கில் ஓடும் குச்சிகள், விறைப்பானவை, இடப்பக்கம் இளசு. வாலில் இரண்டையும் சேர்த்து இழுக்கும்போது இளசானது வளைந்து கொடுக்கிறது, விறைப்பானது அசையாமல் நிற்கிறது. அதனால்தான் வால் வலப்பக்கம் போய்விட்டது.

ஒரே மரத்தில் அறுத்த பல்சாவே கன சென்டிமீட்டருக்கு 0.1 கிராமும் இருக்கும், 0.2 கிராமும் இருக்கும். 1000 × 100 × 3 மி.மீ. ஷீட்டைத் தராசில் வைத்தால் ஒன்று 30 கிராம் காட்டும், இன்னொன்று 60. கடையிலோ இரண்டுக்கும் ஒரே விலை! 'ஏ கிரேடு' என்று ஸ்டிக்கர் ஒட்டத் தெரிகிறது, எடையை எழுத மட்டும் யாருக்கும் கை வருவதில்லை. இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, ஆன்லைன் விற்பனையாளர் என்று மூன்று கை மாறி வரும் சரக்கில் நல்லதை வழியிலேயே பொறுக்கிவிடுகிறார்கள், மிச்சம்தான் கூரியரில் வருகிறது. நேரில் போங்கள், நகை எடை பார்க்கும் சின்னத் தராசைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அடுத்த முறை நான்கு லாஞ்சரான்களையும் ஒரே ஷீட்டிலிருந்து அறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் மேசை விளிம்புக்கு வெளியே 60 செ.மீ. நீட்டி, நுனியில் ஒரு துணி கிளிப்பை மாட்டி, எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒரே அளவு தொங்குபவை ஜோடி. இடது மேலுக்கு வலது மேல், இடது கீழுக்கு வலது கீழ் என்று ஜோடியைப் பிரித்துப் போட வேண்டும்.

பிளானை ஏ4 தாள்களாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தால் அதிலுள்ள நடுக்கோட்டை நம்பாதீர்கள். ஒரு தாள் கோணினால் கோடும் கோணும். பலகையில் நூல் பிடித்து நீங்களே ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு ஃபார்மரிலும் (இரு பக்கங்களையும் இணைக்கும் குறுக்குத் தட்டு) ஒட்டுவதற்கு முன்பே நடுக்கோடு கிழியுங்கள். ஒட்டிய பிறகு நடு தேடுவது வீண் வேலை. இறக்கைக்குக் கீழே பக்கங்கள் இணையாக ஓடும் இடத்தில் இரண்டு ஃபார்மர்களை மூலைமட்டம் வைத்து ஒட்டிக் காயவிடுங்கள். அதன் பிறகே வாலைச் சேர்க்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் கோணலாகத்தான் இருக்க வேண்டும்: மோட்டாரைத் தாங்கும் முன் ஃபார்மர். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழலும் புரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். அதற்கு ஈடாக மோட்டாரை வலப்பக்கம் 2 டிகிரி அளவு திருப்பிவைப்பது வழக்கம். பல பிளான்களில் இந்தச் சாய்வு ஏற்கெனவே இருக்கும். 'கட்டிங் தப்பு' என்று நினைத்து அதைத் தேய்த்து நேராக்கிவிடாதீர்கள். நான் என் இரண்டாவது விமானத்தில் தேய்த்தேன். ஒவ்வொரு டேக்-ஆஃபிலும் அது இடதுபக்க வேலிக்குத்தான் போனது. இன்னொன்று: ஃபார்மரிலிருந்து புரொப்பெல்லர் வரை 100 மி.மீ. இருந்தால், 2 டிகிரிக்கு ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு) 3.5 மி.மீ. வலப்பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே மோட்டாரின் நடுவை ஃபார்மரில் அதே அளவு இடப்பக்கம் தள்ளிப் பொருத்துங்கள். எப்படியிருந்தாலும் வால் நேர்தானா என்று ஸ்பின்னரிலிருந்து நூல் பிடித்துப் பார்க்கக் கூடாது, இறக்கையடி ஃபார்மர்களின் நடுக்கோட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது கையிலிருப்பதைக் காப்பாற்றுவோம். இறக்கைக்குப் பின்னாலுள்ள குறுக்குக் குச்சிகளை பிளேடால் வெட்டி எடுங்கள், வால் முனையையும் பிரியுங்கள். விறைப்பான வலப்பக்க லாஞ்சரான்கள் இரண்டிலும், வளைவு தொடங்கும் இடத்தில், உட்புறமாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு கீறல் போடுங்கள். பலகையில் நடுக்கோட்டின் மேல் வாலைக் குண்டூசியால் நிறுத்தி, புதுக் குச்சிகளை முன்னிருந்து பின்னாக ஒட்டுங்கள். கீறலில் நீர்த்த சயனோ பசை ஒரு சொட்டு, பக்கத்தில் ஒரு முக்கோணத் துண்டு. ஒரு ராத்திரி பலகையிலேயே கிடக்கட்டும்.

கல்லூரிகளில் இரண்டு நாள் பயிலரங்கு என்று காசு வாங்கி, லேசரில் வெட்டிய கிட்டை ஒட்டவைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்களே, அங்கே இதில் ஒன்றைக்கூடச் சொல்லித்தருவதில்லை. அந்த கிட்டுகளில் வெட்டிய விளிம்பு கருகியிருக்கும். கருகலைத் தேய்க்காமல் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. உங்களுடையதும் அப்படிப்பட்ட கிட் என்றால், பிரிக்கும்போதே விளிம்பைப் பார்த்துவிடுங்கள்.