மூன்று நாளில் பதினான்கு இடமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கோடை விடுமுறைக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வரலாம் என்று இருக்கிறோம். மே மாதத்தில் எந்த வாரம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நாங்கள் இருவர், மகன் (11), மகள் (7), என் அம்மா (71). காரில் வருகிறோம், மொத்தம் மூன்று நாள். யூடியூப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன், அதிலேயே பதினான்கு இடம் ஆகிவிட்டது: ராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், கலாம் நினைவிடம், குருசடைத் தீவு, அரியமான், காரங்காடு, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, உத்தரகோசமங்கை, ஏர்வாடி, வாலிநோக்கம், பறவைகள் சரணாலயம். எதை விடலாம், எதை விடக்கூடாது? அந்தச் சமயத்தில் ஏதாவது திருவிழா வருமா? பிள்ளைகளுக்குக் கோயில் என்றாலே முகம் சுருங்குகிறது, அம்மாவுக்குக் கோயில் இல்லாவிட்டால் அது பயணமே இல்லை. கணவர் ‘மே மாசத்துல போய் ராம்நாடா, பேசாம ஊட்டிக்குப் போவோம்’ என்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெயர் போட வேண்டாம்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தங்கச்சிமடம் என்ற ஊருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தங்கச்சியின் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டால் நல்லாவா இருக்கும். (அதற்கு அடுத்தே அக்காள்மடமும் இருக்கிறது, உங்களுக்கு அக்கா இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.)

முதலில் உங்கள் கணவர் பக்கம் பேசிவிடுகிறேன். அவர் சொல்வதில் தப்பில்லை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மாசக் கடைசி வரை இருக்கும், அந்த வெயிலில் எங்கள் ஊர் மணல் பகல் பதினோரு மணிக்குமேல் வெறுங்காலோடு நிற்கும் இடமல்ல. ஆனால் ஊட்டிக்கும் இப்போது இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்க வேண்டியிருக்கிறது. இங்கே காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டும் வரை, இந்த இரண்டு துண்டு நேரம் மட்டும்தான் உங்களுடையது. நடுவில் இருப்பது சூரியனுடையது. மூன்று நாளுக்கு ஆறு துண்டு, அதில் பதினான்கு இடத்தை எப்படி அடைப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது பறவைகள் சரணாலயம். இது என் சொந்த அனுபவம். மதுரையிலிருந்து வந்த மச்சான் குடும்பத்தை ஒரு மே மாதத்தில், ‘வாங்க, எங்க ஊர் கண்மாய்க்கு எங்கிருந்தெல்லாம் பறவை வருது தெரியுமா’ என்று பெருமையாகக் கூட்டிப் போனேன். கண்மாய் வெடித்துக் கிடந்தது. அறிவிப்புப் பலகையில் வரைந்திருந்த நாரை ஒன்றுதான் அன்றைக்குப் பார்த்த பறவை, உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மச்சான் இன்றைக்கும் ஆட்டைப் பார்த்தால் ‘உங்க ஊர் நாரை’ என்பார். பறவைகளுக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும்போது, டிசம்பர் ஜனவரியில் வர வேண்டும். உத்தரகோசமங்கையையும் அதேபோல மார்கழிக்குத் தள்ளி வைக்கலாம். கோயில் எப்போதும் திறந்துதான் இருக்கும், ஆனால் பிள்ளைகள் பார்க்க ஆசைப்படும் மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார், திருவாதிரைக்குத்தான் அதைக் களைவார்கள்.

அப்புறம், பட்டியல் போடுவதற்கு முன்னால் காற்றைக் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், ஒன்று அமைதி, இன்னொன்று ஆர்ப்பாட்டம் என்று (பெண்கள் அமைதி என்று யார் சொன்னது என்று என் வீட்டில் கேட்பதுண்டு, அதற்கு என்னிடம் பதில் இல்லை). மே மாதத்தில் கச்சான் எழும்பிவிட்டால், அதாவது தென்மேற்குக் காற்று, தெற்குக் கடல் கலங்கி அலை தூக்கும், வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். அதனால் சேதுக்கரை, வாலிநோக்கம், குருசடைத் தீவு மூன்றும் காற்றைப் பொறுத்தவை. குருசடைக்கு வனத்துறை விடும் படகு காற்று பலமாக இருந்தால் போகாது. அதை நம்பி ஒரு காலையை ஒதுக்காதீர்கள், கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் குளிக்க அரியமான், உச்சிப்புளிக்குப் பக்கத்தில். சவுக்குத் தோப்பு நிழல், இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கச்சான் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் அங்கே அலை இல்லை, அதே காரணத்தால் காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்கார்ந்த பிள்ளையைச் சத்தமில்லாமல் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். பார்ப்பதற்குக் குளம், ஆனால் வளையம் திரும்பி வராது. வளையத்தைக் கோவையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மகனுக்குக் கொஞ்சம் சாகசம் வேண்டுமென்றால் பக்கத்திலேயே பிரப்பன்வலசையில் கயாக் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள், உயிர்காப்புச் சட்டை போட்டுத்தான் ஏற்றுவார்கள்.

தனுஷ்கோடியை விடக்கூடாது, ஆனால் எல்லாரும் போகிற மாதிரிப் போகவும் கூடாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, சாலை முடியும் அரிச்சல்முனை வரை காரில் போய், தூணுக்குப் பக்கத்தில் செல்ஃபி எடுத்து, வெந்து திரும்புவதுதான் வழக்கம். நீங்கள் காலை ஆறு மணிக்கு ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புங்கள், இருபது கிலோமீட்டர் வாக்கில்தான். வழியில் கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கிடைத்தால் காரை நிறுத்திவிடுங்கள், அன்றைய காலை அத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனையையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் மெதுவாக, கால் மாற்றிக் கால் வைத்துப் பின்னால் நடந்து இழுப்பார்கள், சில நாள் இழுத்துக்கொண்டே பாடும் அம்பா பாட்டும் கேட்கும். கேட்டால் உங்கள் பிள்ளைகளையும் கயிறு பிடிக்க விடுவார்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும்போது சூடையும் காரலும் நெத்திலியும் துள்ளுவதைப் பார்த்த ஏழு வயதுப் பிள்ளை அதை மறக்காது. ‘இதுக்கா இவ்வளவு நேரம்’ என்று மகன் கேட்பான், கேட்கட்டும், அவர்களும் தினம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அங்கேயே மணலில் கையால் தோண்டிய சிறு ஊற்றுகளில் குடிதண்ணீர் எடுப்பதையும் காட்டுங்கள். கடல் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிய, நடுவில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். திரும்பும்போது தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்திலும் ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள், அது கடலுக்குள்ளேயே இருக்கும் கிணறு. அம்மாவுக்குத் தீர்த்தம், மகனுக்கு அறிவியல், ஒரே வாளியில் முடிந்துவிடும்.

இடிந்த தேவாலயத்தின் முன்னால் 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரிப் புயலின் கதையை நீங்கள் கூகுளைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போன செய்தி வந்தபோது உங்கள் அம்மாவுக்கு ஒன்பது பத்து வயது இருந்திருக்கும். அவரைச் சொல்ல விடுங்கள். அரிச்சல்முனையில் மட்டும் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள், இரண்டு கடலும் சேரும் இடம், நீரோட்டம் கணிக்க முடியாது.

பாம்பன் பாலத்தைப் பார்க்காதீர்கள், அதன்மேல் போங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாகச் செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. சாலைப் பாலத்தில் காரை ஓரங்கட்டி நின்று படம் எடுத்து, பின்னால் ஹாரன் கேட்டு, போலீஸ் விரட்டி ஓடுவதற்குப் பதில், காரை ராமநாதபுரம் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு ராமேஸ்வரத்துக்கு ஒரு சாதா டிக்கெட் எடுத்து, ஜன்னல் ஓரம் பிள்ளைகளை உட்கார வைத்துப் போய் வாருங்கள். நான் எத்தனையோ முறை போயும், பாலத்தில் ரயில் வேகம் குறைத்ததும் எழுந்து கதவுப் பக்கம் போகத் தோன்றுகிறது. (பிள்ளைகளைக் கதவுப் பக்கம் விடாதீர்கள்.)

மத்தியானத்துக்கு என்ன? தூக்கம்தான் முதல் பரிந்துரை. தூங்க மாட்டோம் என்று அடம்பிடித்தால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம், பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம். மூன்றில் ஒன்று போதும், என் ஓட்டு ராமலிங்க விலாசத்துக்கு. இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனை, தடித்த சுவர், வெளியே அனலடிக்கும்போது உள்ளே சட்டென்று உடம்பு அடங்கும், சுவரிலும் கூரையிலும் சண்டையும் ராமாயணமும் அந்தப்புரமுமாக ஓவியம். எந்த நாள் விடுமுறை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விழாக்கள் கேட்டிருந்தீர்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், போன வருஷத் தேதியைப் பார்த்து லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். பரமக்குடியில் சித்ரா பௌர்ணமியை ஒட்டி சுந்தரராஜப் பெருமாள் அழகர் கோலத்தில் வைகையில் இறங்குகிறார். மதுரை மாதிரிதான், ஆனால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றால் பிள்ளைக்குச் சாமி தெரியும், அது பெரிய விஷயம். பௌர்ணமி ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள் எப்போதாவது விழும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா துல்கஃதா என்ற இஸ்லாமிய மாதத்தில் வருகிறது, பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், இந்தச் சில வருஷங்களாகக் கோடை விடுமுறைக்குள் விழுகிறது. விடிய விடிய ஊர்வலம், அதிகாலையில் கூடு தர்காவுக்கு வந்து சேரும், எல்லா மதத்துக்காரர்களும் நிற்பார்கள். உங்கள் அம்மாவாலும் ஏழு வயது மகளாலும் அந்த நெரிசலில் ராத்திரி முழுக்க நிற்க முடியாது என்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது ராமேஸ்வரத்தின் ராமலிங்கப் பிரதிஷ்டை விழா. வைகாசி ஆனி வாக்கில் மூன்று நாள். ஒருநாள் ராவணனை ராமர் முடிக்கிறார், அடுத்த நாள் தனுஷ்கோடிச் சாலையில் உள்ள கோதண்டராமர் கோயிலில் விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம், மூன்றாம் நாள் லிங்கப் பிரதிஷ்டை. கோயில் என்றால் முகம் சுருக்கும் பிள்ளைகள்கூட ராவணன் கதை என்றால் நிற்பார்கள், அம்மாவுக்கும் மனசு நிறையும். அந்த வருஷத் தேதியைக் கோயிலில் கேட்டுவிட்டு, அதை வைத்து வாரத்தை முடிவு செய்யுங்கள். மே கடைசியிலோ ஜூனிலோ இருக்கலாம், பள்ளி திறப்பதோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி அம்மாவை ஒருநாள் விடியற்காலை ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு நீங்கள் மட்டும் கூட்டிப் போங்கள், பிள்ளைகள் அப்பாவோடு தூங்கட்டும். இருபத்திரண்டு தீர்த்தம் ஆட அவர் ஆசைப்பட்டால் அதுவும் அன்றைக்கே, ஈரக் கல்தரையில் கையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று உங்கள் பட்டியலில் இல்லை, எந்த வீடியோவிலும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகாது. ராமேஸ்வரம், மண்டபம் துறைகளில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும், பல படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து அடிக்கும் கலப்பத்துச் சத்தம், பெயின்ட் வாசனை, நிழலில் வலை பின்னும் ஆட்கள். ஒரு படகு அடிப்பாகத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் வேறு எந்த மாதத்திலும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது. வேலைக்குக் குறுக்கே நிற்காமல் கேட்டால் விளக்கமும் சொல்வார்கள். தடைக்காலத்தில் மீன் கிடைக்காது என்று பயப்படாதீர்கள், நாட்டுப்படகுக்காரர்கள் போவார்கள், மீன் குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்று காலையில் பிடித்தது. வெளியூர் ஐஸ் மீனும் அப்போது நிறைய வரும், ‘நாட்டுப்படகு மீனா’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஆக, என் கணக்கில் தங்குவது ராமேஸ்வரத்தில் இரண்டு ராத்திரி, வந்து சேரும் நாள் சாயங்காலம் அரியமான், கிளம்பும் நாள் காலையில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு, போகிற வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகங்களான நவபாஷாணத்தை அம்மா கும்பிட்டுக்கொள்ளலாம். திருப்புல்லாணி அடுத்த முறைக்கு. வழியெல்லாம் நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலம், பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும். சங்கு, பவளத்துண்டு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், பவளம் வைத்திருப்பதே வனத்துறை வழக்கு. வீட்டுக்கு வாங்கிப் போகக் கீழக்கரைத் தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஊற்றிக் கிண்டியது, கோவை போய்ச் சேர்ந்தும் கெடாது. அது வரைக்கும் மிஞ்சுமா என்பது உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வரி எழுதுங்கள். கச்சான் எழும்பிவிட்டதா என்று கரைக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்