மரத்துக்குக் கீழே என்ன வரைந்திருக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை இறுதியாண்டு மாணவன். '2050-இன் பசுமை நகரம்' என்ற மாணவர் போட்டிக்காக 5 லட்சம் பேர் வாழும் நகரம் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். இடம், காலியான சமவெளி. வட்ட வடிவம். நடுவில் 40 ஹெக்டேர் காடு. சுற்றிலும் மாடிதோறும் மரம் வளரும் கோபுரங்கள். எல்லாக் கூரைகளிலும் சூரியத் தகடுகள், ஓட்டுநர் இல்லாத மின்கார்கள், குப்பையைக் காற்றால் உறிஞ்சும் நிலத்தடிக் குழாய்கள். வரைபடங்களை இணைத்திருக்கிறேன். ஆற்றல், போக்குவரத்து, நீர் மூன்றில் எதற்கு முதலிடம் தருவது? நகரம் வட்டமாக இருக்கலாமா, தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போடுவது நல்லதா என்பதிலும் நண்பர்களுக்குள் சண்டை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

வரைபடங்களோடு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உங்கள் எட்டாவது தாள், அந்த நடுக்காட்டின் குறுக்குவெட்டு. கொஞ்ச நாளாகவே நகரத்து மரங்களின் வேர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியாக அந்த நேரத்தில் இந்தத் தாள் வந்து சேர்ந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நல்ல கை. மாலை வெயில் இலைகளுக்குள் புகுந்து தரையில் விழுவதை இத்தனை பொறுமையாக வரையும் பிள்ளைகள் இப்போது குறைவு. கோபம் வருவதும் அதனால்தான்.

சூரியத் தகடுகளைப் போடுங்கள், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஓட்டுநர் இல்லாத காரை விட்டுத்தள்ளுங்கள். பேட்டரியில் ஓடினாலும் அதற்கு அதே நீளம், அதே அகலம்தான், நிற்க அதே இடம்தான் வேண்டும். அபுதாபியில் மஸ்தார் நகரத்தை 2006-இல் அறிவித்தபோது 50,000 பேர் வாழப்போகிறார்கள், தானாக ஓடும் குட்டி வண்டிகள் ஊர் முழுக்க வரும், 2016-இல் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். வண்டிகள் ஒரு சின்னப் பாதையோடு நின்றன. முடிக்கும் தேதி 2030-க்குப் போனது. அங்கே நன்றாக வேலை செய்தது எது தெரியுமா? குறுகலான தெருக்கள், நெருங்கி நிற்கும் சுவர்கள், அவை தரும் நிழல். பழைய பாலைவன ஊர்கள் எப்போதோ செய்து வைத்தது.

காலியான சமவெளி என்கிறீர்கள். அங்கே மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூட உங்கள் தாளில் இல்லை. அதைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

எட்டாவது தாளுக்கு வருகிறேன். உங்கள் காட்டுக்குக் கீழே இரண்டு அடுக்குக் கார் நிறுத்தம் இருக்கிறது. அதன் மேல் கான்கிரீட் தளம், அதன் மேல் 45 செ.மீ. மண். அந்த மண்ணில் 20 மீட்டர் உயர மரங்களை நிறுத்தியிருக்கிறீர்கள். இதைக் காடு என்று சொல்ல எப்படித் துணிந்தீர்கள்?

வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கும், அப்படியிருக்க 45 செ.மீ. போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வேர் பக்கவாட்டில் கிளை விரிவையும் தாண்டிப் போகிறது. கோடையில் ஒரு பெரிய மரம் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை இலை வழியே ஆவியாக விடும். நீங்கள் எதிர்பார்க்கும் குளிர்ச்சியில் ஒரு பகுதி நிழலிலிருந்து வருகிறது என்றால், இன்னொரு பகுதி இந்த ஆவியிலிருந்துதான். கான்கிரீட்டின் மேல் கிடக்கும் மெல்லிய மண்ணுக்குக் கீழிருந்து ஈரம் ஏறாது. இரண்டு வாரம் மழை இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை நம்பித்தான் காடு நிற்க வேண்டும். பலமாக ஒரு காற்று அடித்தால் அதுவும் நிற்காது.

சரி, மண்ணை ஒன்றரை மீட்டராக்கலாம் என்பீர்கள். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன். ஆக, ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்தின் மேலும் 3 டன். தூண் பருக்கும், தளம் தடிக்கும், கம்பியும் சிமென்ட்டும் கூடும். உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7-8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கை உங்கள் காடு எத்தனை ஆண்டில் அடைக்கும் என்று ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், நான் பிழைப்பைத் தொடங்கியதே ஒரு டிராயிங் ஆபீசில்தான். டிரேசிங் பேப்பர் காலம். மேசை இழுப்பறையில் மரங்களுக்கென்று ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில். பிளான் முழுவதும் முடிந்த பிறகு தலைமை வரைவாளர் தள்ளி நின்று பார்ப்பார். "அந்த மூலை வெறிச்சுன்னு இருக்கு, ரெண்டு பெருசு போடு" என்பார். மையில் ஒற்றி, தாளில் அழுத்தி, லேசாக உருட்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் இலை விழாது. இரண்டு நொடியில் முப்பது வருட மரம். அப்படி அழுத்திய இடங்களில் ஒன்றைப் பின்னாளில் போய்ப் பார்த்தேன். கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருந்தது. அதே பிளானில் தொட்டி வேறொரு தாளில் இருந்தது. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஆள் அந்த ஆபீசில் யாரும் இல்லை.

உங்கள் தாள்களை நான் அப்படி வைத்துப் பார்த்தேன். குப்பை உறிஞ்சும் குழாய் எல்லாத் தெருக்களிலும் மர வரிசைக்கு நேர் கீழே போகிறது. அது போதாதென்று குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாம் அதே ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத்தான் சண்டை போடும். சாலை போடும் பொறியாளருக்கு மண் கெட்டியாக வேண்டும், ரோலர் விட்டு நசுக்கி இறுக்கிவிடுவார். வேருக்குக் காற்றும் நீரும் புகும் இளகிய மண் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே மண். எப்போதும் தோற்பது மரம்தான், ஏனென்றால் அது கடைசியாக வருகிறது. அப்புறம் கேபிள் போட எவனாவது வந்து தோண்டி, இருக்கிற வேரையும் வெட்டிவிட்டுப் போவான். ஐந்து வருடம் கழித்து "இந்த மரம் ஏன் வளரவில்லை" என்று ஒரு குழு போடுவார்கள்.

தீர்வு இல்லாமல் இல்லை. ஸ்டாக்ஹோமில் நடைபாதைக்கு அடியில் 10 முதல் 15 செ.மீ. அளவுள்ள உடைகற்களைப் பரப்பி இறுக்குகிறார்கள். கல்லோடு கல் முட்டி எடையைத் தாங்கிக்கொள்ளும். இடையில் உள்ள சந்துகளில் மண்ணையும் மரக்கரியையும் தண்ணீர் விட்டு இறக்குவார்கள், அங்கேதான் வேர் ஓடும். கூரையிலும் சாலையிலும் விழும் மழைநீரை அந்தப் படுகைக்கே திருப்புகிறார்கள், காற்றுக்குத் தனியாகக் கிணறு போன்ற துளைகள். பார்க்க ஒன்றுமே இல்லை, கல்லும் கரியும். எந்தப் போட்டி நடுவரும் அந்தப் படத்தைப் பார்த்து வாய் பிளக்கமாட்டார்.

மாடித்தோட்டக் கோபுரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தாலியின் மிலானில் 2014-இல் கட்டி முடித்த இரட்டைக் கோபுரத்தில் ஏறத்தாழ 800 மரங்கள். கிளை கழிக்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் ஆட்கள் வருகிறார்கள், காற்றில் விழாமலிருக்க மரங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அத்தனை பராமரிப்புக்கும் பணம் கொடுக்கிறவர்கள் அங்கே குடியிருப்பதால் அது நடக்கிறது. சீனாவின் செங்டூவில் இதே மாதிரி கட்டிய 826 வீடுகள் விற்றுத் தீர்ந்தும், 2020-இல் பத்துக் குடும்பங்கள் அளவில்தான் குடியேறியிருந்தன என்று செய்தி வந்தது. பால்கனிகளைச் செடி மூடிவிட்டது, கொசு. உங்கள் 5 லட்சம் பேரில் கயிற்றில் இறங்குகிறவர் யார், அவருக்கு யார் சம்பளம் தருவது? கொலம்பியாவின் மெதெயின் நகரம் 2016-இல் தன் பசுமை வழித்தடங்களை, அதாவது சாலையோர மர வரிசைகளை, தொடங்கியபோது, வசதியற்ற பகுதிகளிலிருந்து ஆட்களை எடுத்துத் தோட்ட வேலை பழக்கி, அவர்கள் கையில் மரங்களைக் கொடுத்தது. உங்கள் வரைபடத்தில் ஜாகிங் போகும் பெண் இருக்கிறாள், நாய் இருக்கிறது, மண்வெட்டியோடு ஒருவரும் இல்லை.

ஆற்றலா, போக்குவரத்தா, நீரா என்று கேட்டிருந்தீர்கள். போக்குவரத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்களை வெளியே தள்ளினால் மண் கிடைக்கும், மண் கிடைத்தால் நீர் இறங்கும். ஜெர்மனியில் ஃபிரைபுர்க் நகரத்தின் வாபன் குடியிருப்பில் கார் வைத்திருப்பவர்கள் அதைப் பேட்டை விளிம்பில் உள்ள பொது நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள். பழைய ராணுவ முகாமின் பெரிய மரங்களில் பலவற்றைக் காப்பாற்றி, அவற்றைச் சுற்றித்தான் வீடுகளைக் கட்டினார்கள். வட்டமா கட்டமா என்ற சண்டையை நண்பர்களோடு தொடருங்கள், எனக்கு அதில் அக்கறையில்லை.

சமர்ப்பிக்க இன்னும் நாள் இருந்தால், அந்தக் கார் நிறுத்தத்தைக் காட்டுக்கு அடியிலிருந்து எடுத்து நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோங்கள். ஒரே ஒரு தெருவை 1:50 அளவில் குறுக்காக வெட்டி வரையுங்கள். தரைக்குக் கீழே இரண்டு மீட்டர், எல்லாக் குழாய்களோடும் கேபிள்களோடும், மரத்தின் வேர் உண்மையில் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்தோடும். குப்பைக் குழாய் எங்கே இடிக்கிறது என்று அப்போது தெரியும். அதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன். இலைகளை இந்த முறை வரைய வேண்டாம்.