ஷேல் கிணற்றை முதல் மாதங்களில் அடக்கி ஓடவிடுவது ஏன்?
ஜூரோங் தீவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்காவில் இவ்வளவு செலவழித்து, ஷேல் எனும் இறுகிய களிமண் பாறையில் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டிவிட்டு, வால்வை முழுவதும் திறக்காமல் ஏன் வைத்திருக்கிறார்கள்? சிங்கப்பூரில் நாம் எண்ணெயைச் சுத்திகரிக்கிறோமே தவிர, தோண்டுவதில்லை, நியாயமான சந்தேகம்தான்.

காரணம் மணல். நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும்போது, பிளவு மூடிக்கொள்ளாதபடி அதில் மணலைத் திணிக்கிறார்கள். சுற்றியுள்ள பாறை பிளவை நெருக்குகிறது. உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம் அதை எதிர்த்துத் தாங்குகிறது. ஒரேயடியாகத் திறந்தால் கிணற்றை ஒட்டிய பகுதியில் அந்த அழுத்தம் சரிந்து, பாரம் மணலின் மேல் இறங்கும். மணல் நொறுங்கலாம், மென்பாறைக்குள் புதையலாம், அல்லது ஓட்டத்தோடு வெளியே வந்து குழாய்களை அரிக்கலாம். அப்படி ஒடுங்கிய பிளவு, பிறகு வால்வை மூடி அழுத்தத்தை மீட்டாலும் முழுமையாக விரிவதில்லை.

அதனால் ‘சோக்’ எனப்படும் துவாரத்தைச் சிறிதாக வைத்து, மெல்ல மெல்லப் பெரிதாக்குவார்கள். டெக்சஸ், லூசியானா எல்லையிலுள்ள ஹேன்ஸ்வில் எரிவாயு வயலில் இம்முறை பரவலானதற்கு, அங்குள்ள மிகுந்த ஆழமும் அழுத்தமுமே காரணம்.

எல்லாக் கிணற்றுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பாறை கடினமாகவும் அழுத்தம் மிதமாகவும் இருந்தால், வருமானம் தள்ளிப்போவதுதான் மிச்சம். கடன் வாங்கித் தோண்டியவருக்கு அது கட்டுப்படியாகாது. கிணற்றின் அடியழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, மணல் வெளியேறுகிறதா என்று பார்த்துத்தான் சோக்கைத் திறக்கும் வேகத்தை முடிவுசெய்ய வேண்டும்.