ஆயிரத்து ஐந்நூறு புளியங்கொட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

மீன்பிடித் தடைக்காலத்தில் வலைக் கொட்டகையில் போக்கர் போட்டி வைத்தோம். காசு கிடையாது, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. முப்பது பேர் ஆடினோம். முதல் பரிசு ஆட்டுக்கிடா, அடுத்தது சேவல், மூன்றாவது ஒரு சிப்பம் அரிசி. நாலு பேர் மிஞ்சியபோது என்னிடம் 1,500 கொட்டை. மற்றவர்களிடம் 800, 500, 200. கிடா நமக்குத்தான் என்று பொத்திப் பொத்தி ஆடினேன். கைக்கு வந்த இரண்டு சீட்டும் ராணி ஜோடியாக இருந்தும், 800காரர் ஆல்-இன் போய் இருப்பதையெல்லாம் வைத்ததால், சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டேன். கடைசியில் அரிசிதான் கிடைத்தது. முன்னால் இருக்கும்போது இருப்பதைக் காப்பாற்றுவதுதானே முறை? மொபைலில் பணம் கட்டி ஆடிப் பழகலாமா?

பாம்பனிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மொபைல் வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டீசல் கடனோடு இந்தக் கடனும் சேர்ந்தால் வீடு தாங்காது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நாலு பேர், மூன்று பரிசு. ஒருவர் வெறுங்கையோடு எழுந்து போக வேண்டும். அது 200காரராக இருக்கட்டும் என்றுதான் மற்ற இருவரும் காத்திருந்திருப்பார்கள். உங்களோடு மோதித் தோற்றால் அவருக்கு முன்பே இவர்கள் வெளியே. உங்களை மட்டும் யாராலும் ஒரே கையில் வெளியேற்ற முடியாது. நீங்கள் பதுங்கியதால் அவர்களுடைய பயம் வீணாகப் போயிற்று.

தங்கச்சிமடம் கொட்டகைகளில் பார்த்திருக்கிறேன். இருக்கிற கொட்டையைப் பத்துப் பத்தாக அடுக்கி, கலைத்து, மறுபடி எண்ணிக்கொண்டே இருப்பார் ஒருவர். அவர்தான் நடுவில் மாட்டிக்கொண்டவர், உங்கள் 500காரர். அவரைத்தான் நெருக்க வேண்டும். பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டியது, 20, 40 என்று வைத்துக்கொள்வோம். 90க்கு ஏற்றினால், நடுவில் கிடக்கும் 60ஐ எடுக்க 90ஐ வைக்கிறீர்கள். பத்துத் தடவையில் ஆறு தடவை எல்லாரும் கவிழ்த்தாலே நட்டமில்லை, உங்கள் சீட்டு எதுவாக இருந்தாலும். அவர் பதிலுக்கு ஆல்-இன் போனால் நல்ல சீட்டோடுதான் போகிறார். சுமாரான கையென்றால் அந்த 90ஐ மறந்துவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள்.

200காரர் கதை வேறு. இழக்க ஒன்றுமில்லாதவர், ஒரு ஆஸ் வந்தால் போதும், மொத்தத்தையும் தள்ளிவிடுவார். அவர் பெரிய பிளைண்டில், அதாவது 40 வைக்கும் இடத்தில், இருக்கும்போது நீங்கள் குப்பைச் சீட்டோடு 90 வைத்து, அவர் 200 போனால், இன்னும் 110 போட்டு 310ஐப் (உங்கள் 90, அவருடைய 200, சிறிய பிளைண்ட் 20) பிடிக்கும் நிலை. நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பிருந்தாலே கணக்கு கட்டும், எனவே விடவும் முடியாது. அவரிடம் நல்ல சீட்டோடு மட்டும் போங்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை மற்ற இருவரும் பயந்துகொண்டே இருப்பார்கள், அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

800காரரிடம் சுமாரான சீட்டோடு மோதாதீர்கள். 3,000 கொட்டையும் உங்களிடம் வந்தாலும் கிடா ஒன்றுதான். அதனால் ஜெயிக்கும் கொட்டையைவிடத் தோற்கும் கொட்டைக்கு மதிப்பு அதிகம். ஆனால் ராணி ஜோடி சுமாரான சீட்டு இல்லை, தம்பி! ஆஸ் ஜோடியும் ராஜா ஜோடியும்தான் அதற்கு மேல். அவரிடம் ஆஸும் ராஜாவும் இருந்தால்கூட உங்களுக்கே மேல்கை. தோற்றாலும் 700 மிஞ்சும், அப்போதும் இரண்டாமிடம். அந்தக் கையை விட்டதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

2006இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 8,773 பேர் ஆடினார்கள். சிப் குவியலோடு முன்னால் வந்த ஜேமி கோல்டு கடைசி வரை ஏற்றிக்கொண்டே இருந்துதான் ஜெயித்தார்.

அடுத்த தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15க்குள் அதே நாலு பேரை உட்கார வைத்து, 1,500, 800, 500, 200 என்று பிரித்து, அங்கிருந்தே ஆடிப் பழகுங்கள். இடத்தை மாற்றி மாற்றி ஆடுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க நீங்களே 500காரராக இருந்து பாருங்கள். எதிரே குவியல் வைத்திருப்பவர் மறுபடி 90ஐத் தள்ளும்போது, கையிலிருக்கும் சீட்டை எத்தனை தடவை கவிழ்க்கிறீர்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.